மாரிட்டின் கண்ணைக் கட்டிய சனிக்கிழமை

— தொப்பிய மூக்கு வரைக்கும் இறக்குடி மாரிட். ஓரமா எட்டிப் பாக்கற நீ.

— மூக்கையும் மூடிட்டா எதால மூச்சு விடறது குன்வோர், காதாலயா?

— வாய்தான் எப்பவும் தெறந்தே இருக்கே. அதால விட்டுக்கோ.

— கம்பளி அரிக்குது. நாய் வாட வேற அடிக்குது.

— நாய் அதுமேலதான் படுத்திருந்துச்சு. துவைச்சிட்டேன்.

— அறுபத்திரண்டு வயசுப் பொம்பளயக் கண்ணக் கட்டி முன் சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போற. எதிர்ல வர்றவன் பாத்தா போலீசுக்குச் சொல்லிடுவான், சொல்லிட்டேன்.

— செப்டம்பர்ல யாரும் சொல்ல மாட்டாங்க. யாரோ யாருக்கோ காளான் இடம் காட்டப் போறாங்கன்னு கை ஆட்டிட்டுப் போவாங்க.

— சரி, தூரேவுக்கு ஏன் தொப்பி இல்ல? பின் சீட்டுல ராஜா மாதிரி வர்றான்.

— அவனத் திரும்பிப் பாரு. அட, உன்னால பாக்க முடியாதில்ல. காது குடுத்துக் கேளு.

— குறட்டையா? வீட்ட விட்டுக் கெளம்பி நாலு நிமிஷம் ஆகல.

— இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவன். அடுத்தவங்க வண்டி ஓட்டினா அவனுக்குத் தூக்கம் தானா வந்துடுது. காப்பி பிளாஸ்க் தெறக்கற சத்தம் கேட்டாத்தான் முழிப்பான். அவனுக்குத் தொப்பி தண்டம்.

— ஏன் இப்படிச் சுத்தற? ரவுண்டானாவுல இது மூணாவது சுத்து.

— நாலாவது.

— தல கிறுகிறுங்குது. இவ்வளவு பாதுகாப்பு எதுக்குடி? நான் என்ன உளவாளியா?

— ஒப்பந்தத்த ஒரு தடவ சொல்லு, கேப்போம்.

— பள்ளிக்கூடப் புள்ள மாதிரி ஒப்பிக்கணுமா? ஒண்ணு, இந்த இடத்துக்கு நான் தனியா திரும்பி வரக் கூடாது. ரெண்டு, பறிக்கறதுல ஆளுக்குப் பாதி. மூணு, பாதிரியார் கேட்டாக்கூட வாயத் தெறக்கக் கூடாது. போதுமா?

— போதும். மூணாவதுதான் உனக்குக் கஷ்டம்.

— என் வாயக் கிளறாத. அடுத்த சனிக்கிழம என் பொண்ணு தோராவுக்குக் கல்யாணம். நாப்பது பேரு சாப்பாட்டுக்கு. மாப்பிள்ள வீட்டாளுங்க எல்லாம் ஸ்டாக்ஹோம்காரங்க, காளான்னா கடையில டப்பாவுல இருக்கும்னு நெனச்சுட்டு இருக்கறவங்க. அவங்க முன்னாடி வெண்ணெயில வதக்கின மஞ்சக் காளான ரொட்டி மேல மலை மாதிரி குவிச்சு வெக்கணும். பன்னெண்டு லிட்டராவது வேணும். இல்லன்னா நான் உன்கிட்ட வந்து நின்னிருப்பனா?

— உன் இடத்துல ஒண்ணும் இல்லன்னு சொன்ன.

— துடைச்சு வெச்ச மாதிரி காலி. மழையே இல்ல அங்க.

— ஊர் பூரா மூணு வாரமா கொட்டித் தீத்துச்சே.

— என் இடத்துல கொட்டல.

— அப்படியா.

— ஒரு விஷயம் சொல்லு. முப்பத்தஞ்சு வருஷமா செப்டம்பர் வந்தா சனிக்கிழம தவறாம நாம மூணு பேரும் காட்டுக்குப் போறோம். தனியாவும் நீ போவ, நானும் போவேன். ஒரு நாளாவது நீ ஒரே ஒரு மஞ்சக் காளான் கொண்டாந்து நான் பாத்ததில்ல. ஆட்டுத் தோலு மாதிரி ஒரு வெள்ளக் காளான், அதத்தான் கூடை நிறைய போட்டுட்டு வருவ. எனக்கே பரிதாபமா இருக்கும். இப்ப திடீர்னு உனக்கும் ஒரு இடம் இருக்குங்கற.

— நீ இப்பதானே கேட்ட.

— இத எவளாவது கேப்பாளா? இந்த ஊர்ல ஒருத்தன் சம்பளத்தக் கேக்கலாம், யாருக்கு ஓட்டுப் போட்டன்னு கேக்கலாம். காளான் எங்க பறிச்சன்னு கேட்டா அவ்வளவுதான், அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் பேச மாட்டான்.

— நீ கேட்டுட்டியே.

— தாய் மனசுடி. பொண்ணு கல்யாணம்னா மானம் மரியாத பாக்க முடியுமா. இரு, இது என்ன சத்தம்? தடதடன்னு. மரப் பாலம். அப்ப ஏரிக்குக் கெழக்கால போறோம்.

— இருக்கும்.

— சாண வாட. நில்சனோட பண்ணை.

— எல்லா மாடும் ஒரே மாதிரிதான் போடும் மாரிட்.

— இப்ப அழுகின முட்டக்கோசு வாட. காகித ஆலை. கண்டுபிடிச்சிட்டேன். ஆலைக்கு வடக்க, ஏரியத் தாண்டி அந்தப் பக்கக் காடு. என் வாழ்நாள்ல கால் வெச்சதில்ல அங்க. நல்லா ஒளிச்சு வெச்சிருந்திருக்க போ.

— நீ தபால் வண்டி ஓட்டியிருக்கணும். இப்படி மூக்க வெச்சே வீட்டு வீட்டுக்கு லெட்டர் போட்டிருக்கலாம்.

— முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுல நின்னவ. நூத்தம்பது புள்ளைங்களுக்குப் பொங்கின மூக்கு இது, தப்பு பண்ணாது.

— இறங்கு. வந்தாச்சு. தூரே, எந்திரி.

— காப்பியா?

— இன்னும் இல்ல. நட. மாரிட், என் கோட்டு பெல்ட்டப் பிடிச்சுக்கோ. தொப்பியத் தொடாத.

— மெதுவா போடி. கால் சறுக்குது.

— ஒரு சின்னக் குழி. தாண்டு. அய்ய, குழிக்குள்ளயே வெச்சுட்டியா.

— குழின்னு நீ சொல்றதுக்குள்ள கால் உள்ள போயிடுச்சு. பூட்ஸுக்குள்ள தண்ணி. இது குழி இல்ல, குளம்.

— குனி. மரக்கிள.

— எவ்வளவு?

— நீ எவ்வளவு திமிரா நிக்கறயோ அதுல பாதி.

— தூரே, நீ பின்னால வர்றியா? ஏதாவது பேசு, பயமா இருக்கு.

— வர்றேன். பிர்ச் மரமெல்லாம் பாதி மஞ்சளாயிடுச்சு. மேல நாரைங்க தெக்குப் பக்கமா போகுது. எனக்குப் பசிக்குது. வேற என்ன சொல்றது.

— நில்லு மாரிட். இப்ப எடுக்கலாம் தொப்பிய.

— அப்பாடா. கண்ணு கூசுது. எங்க உன்...

— எப்படி இருக்கு என் இடம்?

— ...

— என்னடி, பேச்சக் காணோம். சாவு வீட்டுலகூட நீ இவ்வளவு நேரம் வாய மூடினதில்ல.

— அழகா இருக்கு.

— பாசி முழுக்க மஞ்சளா விரிச்சு வெச்ச மாதிரி இருக்கு பாரு. அந்தப் பெரிய கல்லு, உக்காந்த மாடு மாதிரி, அதுல இருந்து சாஞ்சு கெடக்கற அந்த ஊசியிலை மரம் வரைக்கும். எனக்குப் பத்தொம்பது வயசுல எங்க எல்னா அத்த கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து காட்டினாங்க.

— எல்னா அத்தையா.

— ஆமா. ஏன் உன் முகம் இப்படி வெளுத்துப் போச்சு?

— பூட்ஸுல தண்ணி. குளிருது.

— பெரிய கூடைய கார்லயே விட்டுட்டேன். போய் எடுத்தாந்துடறேன், உனக்கு மாத்துக் காலுறையும் இருக்கும். நீங்க ஆரம்பிங்க. பாதிப் பாதி, ஞாபகம் இருக்கட்டும்.

— போயிட்டாளா தூரே?

— போயிட்டா. இந்தா, ஏலக்காய் பன் சாப்பிடறியா? பூட்ஸுல தண்ணி போனா இனிப்பு சாப்பிடணும்.

— பன்னக் கீழ வை. நான் சொல்றத மெதுவா கேளு, கத்தக் கூடாது. இது என் இடம்.

— எது?

— நீ நிக்கற இடம். உன் செருப்புக்குக் கீழ இருக்கறது. என்னோடது.

— நீ காலியா இருக்குன்னு சொன்ன இடமா?

— அதேதான்.

— காலியா இல்லயே மாரிட். மிதிக்காம நடக்க முடியல.

— காலியா இல்லன்னு எனக்குத் தெரியாதா? பொய் சொன்னேன். போதுமா? என் இடத்துல ஆறு லிட்டர் வரும். அவ இடத்துல ஒரு ஆறு லிட்டர் கெடச்சா கல்யாணத்துக்குப் பன்னெண்டு ஆச்சு. என்கிட்டயே இருக்குன்னு சொன்னா அவ காட்டுவாளா?

— அது மட்டுந்தானா?

— முப்பத்தஞ்சு வருஷமா தோல் காளான் தின்னுட்டு அமுக்கமா இருக்கறவ, எங்கதான் போறான்னு பாக்கணும்னும் இருந்துச்சு. பாத்தாச்சு. என் இடத்துக்கே என்னக் கண்ணக் கட்டிக் கூட்டிட்டு வந்திருக்கா. நாலு தடவ ரவுண்டானா சுத்தி. என் மூக்கு எங்க போச்சு, அத சொல்லு.

— ஆலைக்கு வடக்கன்னு நீ சொன்னது அரைத் தூக்கத்துல என் காதுல விழுந்துச்சு. ஆலையச் சுத்திட்டு நாம திரும்ப ஊர்ப் பக்கந்தான் வந்தோம்.

— அப்பவே சொல்றதுக்கென்ன?

— எனக்கென்ன தெரியும், நீ பேசறப்ப நடுவுல பேசக் கூடாதுன்னு நீதான் சொல்லியிருக்க.

— பெரிய கல்லுன்னு கையக் காட்டறா பாரு. அந்தக் கல்லு மேலதான் என் புருஷன் பொர்யே உக்காந்து காப்பி குடிப்பான். அவன் போய் ஆறு வருஷம் ஆச்சு. நான் இன்னும் அந்தக் கல்லுல உக்காந்ததில்ல தூரே, அது அவன் உக்கார்ற இடம்னு. அதப் போய் உக்காந்த மாடுங்கறா.

— மாடு மாதிரிதான் இருக்கு.

— அது எனக்கும் தெரியும்.

— அப்ப அவ வந்ததும் சொல்லிடு. இது என் இடம், தெரியாம வந்துட்டோம்னு.

— எப்படிச் சொல்றது? சொன்னா நான் பொய் சொன்னது தெரிஞ்சுடும். அதோட என் இடம் இதுன்னும் தெரிஞ்சுடும்.

— அவதான் ஏற்கனவே இங்க இருக்காளே.

— இது அவ இடம்னு நெனச்சுட்டுதானே இருக்கா. எனக்கும் இதுதான் இடம்னு தெரிஞ்சா, நாளைல இருந்து விடியக்காலம் நாலு மணிக்கு வந்து துடைச்சு எடுத்துட்டுப் போயிடுவா. தபால்காரி, சீக்கிரம் எந்திரிக்கற பழக்கம்.

— சட்டப்படி காட்டுல யாரு வேணா எங்க வேணா பறிக்கலாம். இடம்னு யாருக்கும் கெடையாது.

— சட்டம் வேற, வெக்கம் வேற. அடுத்தவங்க இடம்னு தெரிஞ்சும் கை வெக்கறவ இந்த ஊர்ல தல நிமுந்து நடக்க முடியுமா? அவளுக்கு இது எப்படித் தெரிஞ்சுது, அதச் சொல்லு மொதல்ல.

— எல்னா அத்தன்னு சொன்னாளே.

— பொய். இது பொர்யேவோட தாத்தா காலத்துல இருந்து அவங்க குடும்பத்து இடம். தாத்தா அப்பாவுக்கு, அப்பா பொர்யேவுக்கு. பொர்யே எனக்கு. உலகத்துல நாலே பேரு. அதுல மூணு பேரு இப்ப மண்ணுக்குள்ள இருக்காங்க.

— அப்ப நீதான் தூக்கத்துல உளறியிருக்கணும்.

— நான் தூங்கறப்ப இவ எங்க இருந்தா? பொர்யேதான் காட்டியிருக்கணும் தூரே. வேற வழியே இல்ல.

— காட்டினா காட்டிட்டுப் போறான். செத்துப் போன மனுஷன்.

— உனக்குப் புரியல. நான் கடலோரத்துல இருந்து வந்தவ, மீனுதான் தெரியும், காட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது. பழகி ஒரு மாசம் ஆனதும் பொர்யே என்ன இங்க கூட்டிட்டு வந்தான். நான் காளானப் பாத்து அழகா இருக்குன்னு சொல்லிட்டு ரெண்டு பறிச்சுட்டு வந்துட்டேன். வீட்டுக்குள்ள நொழஞ்சதும் அவங்க அம்மா கூடையப் பாத்தாங்க. என்னக் கட்டிப் பிடிச்சுட்டு ஒரே அழுக. அப்பதான் புரிஞ்சுது, எனக்கு நிச்சயம் ஆயிடுச்சுன்னு. மோதிரம் அடுத்த வாரந்தான் வந்துச்சு.

— இங்க அப்படித்தான். இடத்தக் காட்டிட்டா முடிஞ்சுது.

— அதான் சொல்றேன். ஒருத்தன் பொண்டாட்டி தவிர இன்னொருத்திக்கு இடத்தக் காட்டினான்னா என்ன அர்த்தம்?

— எனக்கெப்படித் தெரியும். நான் என் பொண்டாட்டிக்கே காட்டல. அதான் போயிட்டா.

— உனக்கு இடம் இருந்துச்சா?

— இல்ல. அதான் காட்டல.

— உன்கிட்டப் போய் சொன்னேன் பாரு. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த வெளிய வந்துச்சு, இனி என் கையால உனக்கு ஏலக்காய் பன் கெடையாது.

— இது நீ செஞ்சதா? நான் குன்வோர் செஞ்சதுன்னு நெனச்சேன். நல்லா இருந்துச்சு.

— உஷ். வர்றா.

— என்ன ரெண்டு பேரும் ஒண்ணும் பறிக்கல? கூடை காலியா இருக்கு. மாரிட், உனக்கு என்ன ஆச்சு? நாப்பது பேரு ஸ்டாக்ஹோம்ல இருந்து வாயத் தெறந்துட்டு வர்றாங்கன்ன.

— பறிக்கறேன். இதோ பறிக்கறேன். பாரு, எப்படிப் பறிக்கறேன்னு.

— மெதுவாடி. யார் மேல கோவம் உனக்கு? குட்டியெல்லாம் எதுக்குப் பிச்சுப் போடற, வளரட்டும் விடு. அடுத்தவங்க இடத்துல கொஞ்சம் பாத்துப் பறிக்கணும்.

— அடுத்தவங்க இடமா. சரி. பாத்தே பறிக்கறேன்.

— பாசியக் கெளறாத. மூடி வை. அப்பதான் வருஷா வருஷம் வரும். உன் இடத்துலயும் இப்படித்தான் கெளறி வெச்சியா, அதான் காலியா?

— என் வாயக் கிளறாத குன்வோர்.

— நான் பாசியத்தான் சொன்னேன்.

— அந்தப் பக்கம் ஏன் போற? அங்க ஒண்ணும் இருக்காது, வெயில் படற இடம். கல்லுக்குப் பின்னால பள்ளத்துலதான் பெரிசு பெரிசா...

— பள்ளத்துலயா? கல்லுக்குப் பின்னால பள்ளம் இருக்குன்னு உனக்கெப்படித் தெரியும்? தூரே, இவளுக்கு எப்படித் தெரியும்?

— எனக்கென்ன தெரியும். நான் காப்பி ஊத்தறேன்.

— வாட வந்துச்சு. பழுத்த பழம் மாதிரி ஒரு வாட. மூக்குதான்டி, வேற என்ன.

— அப்படியா. நல்ல மூக்கு. நீ சொன்னது சரிதான், பள்ளத்துல கொட்டிக் கெடக்கு. அட, இது என்ன?

— எது?

— வெட்டின அடிமரத்துல ஒரு கத்தி குத்தி நிக்குது. காளான் கத்தி, பின்னால சின்ன பிரஷ் வெச்சது. சிவப்புக் கைப்பிடி. துருகூடப் பிடிக்கல, இந்த வாரம் விட்டுட்டுப் போனதுதான். எவனோ என் இடத்துக்குள்ள வந்திருக்கான் மாரிட்.

— அநியாயம்.

— கைப்பிடியில ஒரு எழுத்து சுட்டு வெச்சிருக்கு. பி. யாரா இருக்கும்?

— பியா? பெர்டிலா இருக்கும்.

— பெர்டிலுக்குக் காளான்னாலே முகம் பன் மாதிரி வீங்கிடும். அவன் எதுக்கு வர்றான்?

— அப்ப பிர்கெர்.

— பிர்கெர் கனடாவுக்குப் போய்ப் பத்து வருஷம் ஆச்சு. கத்திய விட்டுட்டுப் போறதுக்குன்னு பிளேன் ஏறி வந்தானா?

— பிளேன்ல கத்திய எடுத்துட்டு வர விட மாட்டாங்க.

— தூரே, நீ காப்பிய ஊத்து. குன்வோர், அந்தக் கத்திய இப்படிக் குடு. நான் கொண்டு போய்... சர்ச்சு அறிவிப்புப் பலகையில எழுதிப் போடறேன். தொலச்சவங்க வந்து வாங்கிக்கட்டும்.

— எதுக்கு? திருட்டுத்தனமா வந்தவன் கத்திக்கு இவ்வளவு மரியாதையா? அடுத்தவங்க இடத்துல கை வெக்கறவங்களப் பத்தி நீ என்ன சொல்லுவ, தல நிமுந்து நடக்கக் கூடாதுன்னுதானே? இந்தா இருக்கு சதுப்பு. தூக்கிப் போட்டா ஆயிரம் வருஷத்துக்கு யார் கைக்கும் கெடைக்காது.

— வேணாம்டி.

— அந்தத் திருடனுக்கு ஒரு பாடமா இருக்கட்டும். தள்ளிக்கோ, கைய வீசணும்.

— குன்வோர், வேணாம்.

— ஒண்ணு, ரெண்டு...

— போடாத. அது பொர்யேவோட கத்தி. குடுத்துடு. நாப்பதாவது பொறந்த நாளுக்கு நான் வாங்கிக் குடுத்தது. அந்த எழுத்த அவனே அடுப்புல கம்பிய காய வெச்சு சுட்டான், வெரலையும் சேத்து சுட்டுக்கிட்டான். அதப் போடாத குன்வோர், உன் கால்ல விழறேன்.

— இந்தா. பிடி. நான் போடறதா இல்ல. அழாதடி. சும்மா வெளையாடினேன். கைய வீசி மட்டுந்தான் காட்டினேன். அது எப்படி இங்க வந்துச்சு, அத மட்டும் சொல்லு.

— செவ்வாய்க்கிழம விட்டுட்டேன்.

— செவ்வாய்க்கிழம நீ இங்க எதுக்கு வந்த?

— நல்லா மொளச்சிருக்கான்னு பாக்க. இது என் இடம். இப்ப தெரிஞ்சுக்கோ. காலின்னு சொன்னது பொய். உன் இடத்தையும் பாத்துட்டு, ரெண்டு இடத்துலயும் பறிக்கலாம்னு நெனச்சேன். பேராச. இப்ப நீ சிரி. நல்லா வயிறு வலிக்கச் சிரி.

— நான் சிரிக்கல.

— உதடு துடிக்குது.

— கொஞ்சம் சிரிக்கறேன். நீ பொய் சொன்னது எனக்குத் தெரியும் மாரிட். செவ்வாய்க்கிழம தபால் வண்டியில போறேன், உன் நீலக் கார் சர்ச்சு வளைவுல மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்குது. ரெண்டு நாள் கழிச்சு நீ என் வீட்டுக்கு வந்து, மழையே இல்ல, ஒண்ணுமே இல்லன்னு மூக்க உறிஞ்சற.

— அப்ப தெரிஞ்சேதான் இங்க கூட்டிட்டு வந்தியா? நாலு தடவ ரவுண்டானா சுத்தினதும் வேணும்னேதானா? அந்தக் குழியும்?

— குழி தற்செயல்.

— தூரே, உனக்கும் தெரியுமா?

— எனக்கு எதுவும் தெரியாது. நான் வேணா காருக்குப் போயிடட்டா?

— உக்காரு.

— அவ சொல்றதுதான், உக்காரு தூரே. இன்னும் முடியல.

— முடியலதான். இப்ப நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு குன்வோர். நான் பொய் சொன்னேன், பிடிபட்டேன், ஒத்துக்கறேன். நீ எல்னா அத்தன்னு கத விட்டியே, அது என்ன?

— அது கத இல்ல.

— இது பொர்யேவோட தாத்தா இடம். நாப்பது வருஷம் அவரு இங்கதான் பறிச்சாருன்னு பொர்யே அவன் வாயால எனக்குச் சொன்னான்.

— அவன் தாத்தா தெக்கத்திக்காரரு. கண்ணாடிப் பட்டறையில ஊதிட்டு இருந்தவரு. இந்த ஊர்ப் பக்கமே வந்ததில்ல. அப்பாதான் கல்யாணமாகி இங்க வந்தாரு, அவரும் ஏரியில மீன் பிடிக்கறதத் தவிர காட்டுக்குள்ள நொழஞ்சதில்ல. ஊர்ல பழைய ஆளு யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

— அவன் எனக்கு எதுக்குப் பொய் சொல்லணும்?

— அத நான் எப்படிச் சொல்றது. நல்ல மனுஷன்தான். சங்கடமான விஷயம்னா மட்டும் தாத்தா தலையில போட்டுடுவான். சின்ன வயசுல இருந்தே.

— நீ பேச்ச மாத்தற. நேரா கேக்கறேன், நேரா சொல்லு. நான் தாங்கிக்குவேன். பொர்யே உன்ன இங்க கூட்டிட்டு வந்தானா? எனக்குக் காட்டின மாதிரி, கையப் பிடிச்சு, உனக்கும் காட்டினானா?

— வேணாம் மாரிட். காப்பி ஆறுது. பன் சாப்பிடலாம். இன்னிக்கு மொத்தத்தையும் நீயே எடுத்துக்கோ, எனக்குப் பாதி வேணாம். தோராவுக்கு நான் குடுத்ததா இருக்கட்டும்.

— காளான் கெடக்கட்டும். முப்பத்தஞ்சு வருஷமா சனிக்கிழம சனிக்கிழம என் பக்கத்துலயே நடந்திருக்க. அவன் செத்தப்ப மூணு நாள் என் வீட்டுல படுத்திருந்த. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. காட்டினானா?

— நீ எதையுமே தலகீழாத்தான் பிடிக்கற. அவன் எனக்குக் காட்டலடி, நான்தான் அவனுக்குக் காட்டினேன். அடுத்த செப்டம்பர்ல அவன் உன்னக் கூட்டிட்டு வந்துட்டான்.